கையளவுப் பிரசாதமும் கடைவீதி விளம்பரமும்

கூடாரவல்லியன்று பெருமாள் கோயில்களில் வழங்கப்பெறும் அக்காரவடிசிலில் வெல்லத்துக்கும் நெய்க்கும் குறைவில்லை. “அதை விட்டுவிட்டுச் சிப்ஸையும் கோலாவையும் மட்டும் பழிப்பது முறையா?” என்று இளைஞர்கள் வீட்டுப் பெரியவர்களை மடக்குவதுண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் பிரசாதம் கையளவே. அதுவும் ஆண்டுக்கொரு நாள். மறுநாளும் வா என்று அது எந்தக் குழந்தையையும் அழைப்பதில்லை. 300 மில்லி கோலாவில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை உண்டு. அதனை நாள்தோறும் பருகுமாறு விளம்பரம் அழைத்துக்கொண்டேயிருக்கிறது.

தமக்கு ஐம்பது வயதில் வந்த நீரிழிவு பேரனுக்கு இருபதிலேயே வந்துவிடுமோ என்னும் கவலை இன்று பல பாட்டிமார்க்கு உண்டு. பெற்றோரின் கண்டிப்பே போதும் என்பார் சிலர். பொம்மையும் பாட்டும் காட்டிப் பிள்ளையை ஒருபுறம் இழுத்துக்கொண்டே, மறுபுறம் தாயிடம் “நீங்கள் கண்டியுங்கள்” என்பது எவ்வகை நீதி?

தென்அமெரிக்காவின் சிலி நாட்டில் 2016-இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பண்டங்களின் உறைமீது கறுப்பு எண்கோண முத்திரை பொறிக்கப்பட்டது. 14 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் விளம்பரங்கள் விலக்கப்பட்டன. தானியப் பெட்டிகளில் சிரித்துக்கொண்டிருந்த கார்ட்டூன் விலங்குகளும் விடைபெற்றன.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமலில்லை. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் இத்தகைய பண்டங்களை விற்பதையும் விளம்பரம் செய்வதையும் 2020-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை தடுக்கிறது. குழந்தைகள் நிகழ்ச்சிகளின் நடுவே இவற்றை விளம்பரப்படுத்தலாகாது என்பது 2022-இல் வந்த நெறிமுறை. ஆனால் பேரன் பார்ப்பது குழந்தைகள் நிகழ்ச்சியை மட்டுமா? தாத்தாவோடு கிரிக்கெட், பாட்டி மடியில் தொடர், பிறகு கைபேசி. விதி காவல் நிற்கும் வாயில் ஒன்று, விளம்பரம் நுழையும் வாயில்கள் பல. நேரத்தை வைத்துத் தடுத்தாலன்றி இந்த ஓட்டை அடைபடாது.

கோயில் வீதிகளுக்கோ அந்த 50 மீட்டர்க் கணக்கும் கிடையாது. தேர்த் திருவிழாவில் உபயதாரர் பெயருக்கு மேலே குளிர்பானத்தின் பெயர் பெரிதாய் மின்னும் பந்தல்களை நாமே காண்கிறோம். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பந்தல் யார் செலவில் அமைவது என்பதை விழாக் குழுவினரே முடிவு செய்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். நீர்மோருக்கும் பானகத்துக்கும் ஆகும் செலவோ, ஒரு தெருவார் கூடிப் பகிர்ந்துகொள்ளக்கூடியதுதான்.