பொரியாத சோளமும் அம்மாவோட ஹுரிஹிட்டும்

2024 தீபாவளி லீவுல பேத்தியை ஓசூர்ல சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். இடைவேளையில பாப்கார்ன் கேட்டா. விலையைக் கேட்டு அப்படியே நின்னுட்டேன். டிக்கெட்டை விட டப்பா விலை ஜாஸ்தி. 2024-25ல மக்காச்சோளத்துக்கு அரசாங்கம் அறிவிச்ச குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். கிலோ 22 ரூபாய் 25 காசு. இந்தக் கணக்கு மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்ததால மீதிப் படம் என்னன்னே தெரியல. வெளிய வர்றப்ப, "அடுத்த வருஷம் தாத்தா நம்ம தோட்டத்துலயே விளைய வெச்சுத் தரேன் பாப்பா"ன்னு சொல்லிட்டேன். வாய்ல சொல்றது சுலபம்தானே.

எங்க ஊர் தளி பக்கம். நிலம் ரெண்டு ஏக்கர். மழைக்கு ராகி, அவரை, கொஞ்சம் தக்காளி. எங்க வரப்புக்குக் கிழக்கால ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் ராகி விளைஞ்ச காட்டுல இப்ப மனைக்கல் நட்டிருக்கு. பெரியவன் சிப்காட்டுல ஷிப்ட் வேலைக்குப் போறான். "இந்த ரெண்டு ஏக்கர்ல வருஷம் பூரா வர்றது என் மூணு மாசச் சம்பளம்ப்பா. வித்துட்டு ஓசூர்ல ஒரு வீடு வாங்கலாம்"னு சொல்லிட்டே இருக்கான். கோவத்துல சொல்லல, கணக்குப் போட்டுத்தான் சொல்றான். அதனாலதான் பதில் சொல்ல முடியறதில்ல.

முதல்ல ஒரு விஷயம். கோழித் தீவனத்துக்குப் போற மக்காச்சோளம் பாப்கார்ன் ஆகாதுங்க. அதை வாணலியில போட்டா கருகும், ஒண்ணு ரெண்டு வெடிச்சுக் கீறும், அவ்வளவுதான். பாப்கார்னுக்குத் தனி ரகம் இருக்கு. மணி சின்னது, தோல் கண்ணாடி மாதிரி கெட்டி. தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா ஆம்பர் பாப்கார்ன் விதை அரைக் கிலோ கிடைச்சுது. ஆடியில பத்து சென்ட்ல ஊனினேன். பாருக்குப் பார் ரெண்டடி, செடிக்குச் செடி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி. நீளமா ஒரே வரிசையா போடாம சதுரமா போட்டேன். சோளத்துக்கு மகரந்தம் காத்துல வரணும், ஒத்தை வரிசையா போட்டா கதிர்ல பாதி மணி பிடிக்காது. பக்கத்துக் காட்டுல தீவனச் சோளம் பூ விடறப்ப நம்மளதும் பூ விடக்கூடாது. அந்த மகரந்தம் கலந்துட்டா அடுத்த தடவை விதை கெட்டுடும். அவங்க விதைச்சு இருபத்தஞ்சு நாள் கழிச்சுத்தான் நான் விதைச்சேன்.

முப்பது நாள்ல குருத்துல ஓட்டை. படைப்புழு. 2018ல கர்நாடகத்துல முதல்ல கண்டுபிடிச்ச புழு, அதே வருஷம் நம்ம பக்கமும் வந்துடுச்சு. அப்போலேருந்து சோளம் போடறவன் நிம்மதியாத் தூங்கினதில்ல. பத்து சென்ட்தானே, மருந்து வேணாம்னு ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து, நானும் வீட்டுக்காரம்மாவும் செடி செடியா குருத்துல போட்டோம். இடுப்பு விட்டுப் போச்சு. புழு முக்கால்வாசி போச்சு.

புழுவுக்குத் தப்பினது யானைக்குத் தப்பல. ஐப்பசியில ராகி முத்தற நேரம் பன்னேருகட்டா காட்டுலேருந்து ஜவளகிரி வழியா எங்க பக்கம் கூட்டமா வரும். வருஷா வருஷம் வர்றதுதான். ஒரே ராத்திரி, பாதிச் சோளம் காலி. பட்டாசு வெடிச்சுட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். மிச்சத்தை அறுத்து உதிர்த்தப்ப 38 கிலோ.

அதுக்கப்புறம் நடந்தது என் தப்பு. எங்களுக்குத் தெரிஞ்சது ராகி. ராகியை எவ்வளவு காய வெச்சாலும் நல்லது, வருஷக்கணக்கா கெடாது. அந்தக் காலத்துல மண்ணுக்குள்ள குழி எடுத்துக் கொட்டி மூடி வெப்பாங்க, கன்னடத்துல ஹகேவுன்னு பேரு. அந்தப் பழக்கத்துலயே சோளத்தையும் மொட்டை மாடியில பத்து நாள் வெயில்ல போட்டேன். பல்லுல கடிச்சா டக்குனு உடையற பதம். பெருமையா தகர டின்ல கொட்டி வெச்சேன்.

அந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்ல இருந்தாங்க. வாணலி வெச்சு, கடலை எண்ணெய் ஊத்தி, ஒரு டம்ளர் சோளம் போட்டு மூடினேன். நாலஞ்சு டப் டப். அப்புறம் சத்தமே இல்ல. மூடியைத் திறந்தா மூணுல ஒரு பங்குதான் பொரிஞ்சிருக்கு, அதுவும் பூனைப்பல் மாதிரி. மிச்சமெல்லாம் கருகின மணி. பாப்பா ஒண்ணு எடுத்துக் கடிச்சுட்டு, "தியேட்டர்ல இப்படி இருக்காதே தாத்தா"ன்னா. பெரியவன் ஒண்ணும் பேசல. ஏதாவது சொல்லியிருந்தாக்கூடத் தேவலை.

அம்மாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. காது மந்தம், நேத்து நடந்தது ஞாபகம் இருக்காது. திண்ணையில உட்கார்ந்திருந்தவங்க ஒரு பச்சை மணியை வாங்கி விரல்ல உருட்டிப் பாத்தாங்க. "தண்ணி காட்டாம வறுத்தா எப்படிடா பொரியும்? ஹுரிஹிட்டுக்கு நான் என்ன பண்ணுவேன்?"னு கேட்டாங்க.

நம்ம எல்லைப் பக்கத்து வீடுகள்ல ஹுரிஹிட்டு தெரியாதவங்க கிடையாது. ராகியில தண்ணியோ மோரோ தெளிச்சுப் பிசிறி, துணி போட்டு மூடி வெச்சு, மறுநாள் சூடான மணல்ல போட்டா வெள்ளையா பொரியும். அதைச் சலிச்சுத் திரிச்ச மாவுதான் ஹுரிஹிட்டு. பாலும் வெல்லமும் போட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டு வளர்ந்தவன் நான். கண்ணால பாத்தது, சோளத்துக்கு யோசிக்கத் தோணல.

அப்புறம்தான் மொபைல்ல தேடிப் படிச்சேன். பாப்கார்னை வெடிக்க வெக்கறதே மணிக்குள்ள இருக்கிற ஈரந்தான். சுமார் 180 டிகிரி சூட்டுல அது ஆவியாகி, வெளிக்காத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்துல தோலைக் கிழிக்குது. ஈரம் 13, 14 சதவீதம் இருக்கணும். கம்மியானா பொரியாது. அதிகமானா சவசவன்னு மெல்ல முடியாம வரும், மூட்டையில பூஞ்சையும் பிடிக்கும். பெரு நாட்டுக் கடற்கரையில 6,700 வருஷத்துக்கு முந்தின பொரிசோளக் கதிர் கிடைச்சிருக்காம். அந்தக் காலத்துக் கிழவிகளுக்கும் இந்தப் பதம் தெரிஞ்சுதான் இருந்திருக்கும்.

மூடி இறுக்கமான டப்பாவுல ஒரு கிலோ சோளம் போட்டு, முதல் நாள் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணி தெளிச்சு நல்லாக் குலுக்கினேன். ரெண்டாம் நாள் ஒண்ணு, மூணாம் நாள் ஒண்ணு. ஒரேயடியா ஊத்தினா மேல மட்டும் நனைஞ்சு கெட்டுப்போகும். ஒரு வாரம் மூடி வெச்சு, தினமும் குலுக்கிட்டு, அடுத்த ஞாயிறு திரும்ப வாணலி. இந்தத் தடவை மூடியே தூக்கிடுச்சு. பாப்பா ஓடி வந்துட்டா.

மாடித் தொட்டியிலயோ ஊர் நிலத்துலயோ போட்டுப் பாக்க நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மேல்தட்டை நல்லாக் காய்ஞ்சப்புறம் அறுங்க. கதிரை வெயில்ல போடாதீங்க, நிழல்ல காத்தாட ரெண்டு மூணு வாரம் கட்டித் தொங்க விடுங்க. வாரம் ஒரு கை உதிர்த்துப் பொரிச்சுப் பாருங்க. சவசவன்னு இருந்தா இன்னும் காயட்டும். நல்லாப் பொரிஞ்ச அன்னைக்கே மொத்தத்தையும் உதிர்த்து, காத்துப் போகாத டப்பாவுல அடைச்சிடுங்க. திறந்த சாக்குல வெச்சா வண்டும் வரும், ஈரமும் போகும்.

பாப்கார்ன் எங்க ரெண்டு ஏக்கரைக் காப்பாத்தும்னு நான் சொல்ல வரல. கிலோ 100 ரூபாய்னு இருபது கிலோ கொடுத்தேன், ரெண்டாயிரம் வந்துச்சு. மணல், சுண்ணாம்பு, பட்டாசு எல்லாம் போக என்ன மிச்சம்னு நான் எழுதி வெக்கல. தை மாசம் புரோக்கர் திரும்ப வந்தார். பெரியவன் அவர்கிட்ட வழக்கம் போல விலைதான் விசாரிச்சான். அவர் போனதும் என்கிட்ட வந்து, "விதைக்கு எவ்வளவுப்பா எடுத்து வெச்சிருக்கே?"ன்னான்.

நல்ல கதிரா இருபத்தஞ்சு, தோலோட முடிஞ்சு விட்டத்துல தொங்குது. காமிச்சேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்துட்டு நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பிட்டான்.

அம்மாவுக்குப் பல் இல்ல, பாப்கார்ன் கடிக்க முடியாது. அவங்களுக்கு ஹுரிஹிட்டு வேணுமாம். நாளைக்கு வறுக்க இன்னைக்கே ராகியில மோர் தெளிச்சு மூடி வெச்சிருக்கேன்.