காற்றுக்கு வழி

மே மாதப் புதுவை. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிட்டால் பிழைத்தோம். ஏறாத நாளில் மேற்கிலிருந்து அனல்.

நவம்பரில் அதே கடல் பக்கம்தான் பயம்: மழை. காற்றை அழைக்கவும் வேண்டும், மழையைத் தடுக்கவும் வேண்டும். சுவர் ஒன்றுதான்.

அதற்கு ஒரு விடை கோல்கொண்டே. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்து விடுதி. 1937இல் வேலை தொடங்கியது. வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட், செக்காரர், டோக்கியோவில் தொழில் செய்தவர். கூட இருந்து கட்டியவர்கள் ஜார்ஜ் நகஷிமா, ஃபிரான்டிசெக் சாமர். பணம் ஹைதராபாத்திலிருந்து, திவான் அக்பர் ஹைதரி மூலமாக. பெயரும் அந்தப் பக்கத்துப் பெயர்தான்.

நீள முகங்கள் வடக்கும் தெற்கும். கண்ணாடி சன்னல் கிடையாது. அந்த இடம் முழுக்கப் படுக்கைவாட்டில் பலகைகள், வரிசை வரிசையாக. திருப்பினால் திறக்கும். இன்னும் திருப்பினால் மழைக்கு மூடும். அறையில் இருப்பவர் கைதான் திருப்ப வேண்டும்.

பலகை கல்நார் சிமென்ட்.

பித்தளைப் பிடிகள். பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்தவை.

கூரைக்கு மேல் இன்னொரு கூரை. தட்டைத் தளம், அதன்மேல் வளைந்த கான்கிரீட் ஓடு. நடுவில் காற்று ஓடுகிறது. வெயில் முதலில் ஓட்டோடு போராடட்டும்.

ஊரைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்கள். தெருவை ஒட்டித் தாழ்வாரம், திண்ணை. உள்ளே முற்றம். அனல் அதன் வழியாக மேலே போகும், மழை அதன் வழியாகவே உள்ளே வரும். வரட்டும் என்றுதான் கட்டினார்கள். தண்ணீர் போகத் தூம்பு வைத்தார்கள்.

கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீடுகள். மதில் உயரம், அறை உயரம், சன்னலுக்கு மரச்சட்டக் கதவு. தளம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றே: தேக்கு உத்தரம், செங்கல், சுண்ணாம்பு. நம் கொத்தனார் கை.

அந்தத் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரி கக்கும். அந்தி சாய்ந்ததும் மொட்டைமாடியில் தண்ணீர் தெளிப்பது அதனால்தான்.

ஒரு திண்ணையில் ஏசியின் வெளிப்பெட்டி. உட்கார இடமில்லை. நடந்து போகிறவர் முழங்காலில் சூடு அடிக்கிறது.

பக்கத்தில் புது அடுக்ககம். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மேற்கு! திறக்க ஒரு கதவும் இல்லை. மின்சாரம் போனால்?

2011 டிசம்பர் 30, தானே புயல். காற்று. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை.

2024 நவம்பர் கடைசி, ஃபெஞ்சல் புயல். தண்ணீர். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மீட்க ராணுவம் வந்தது.

இரண்டு புயல், இரண்டு விதம். கூரையைக் கட்டிப்போட்ட வீடு தரையை எத்தனை படி உயர்த்தியது என்று பார்க்க வேண்டும்.

வீடு கட்டுகிறவரிடம் கேட்க: வாடையோடு வரும் மழை உங்கள் எந்தச் சுவரில் அடிக்கும்?