கீரையும் மாத்திரையும்

ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்னுட்டா எங்க வீட்டுல ஒரு சத்தம் கேக்கும். டிக், டிக்னு. வந்து தங்குற சொந்தக்காரங்க சுவத்துல கடிகாரத்தைத் தேடுவாங்க. அது கடிகாரம் இல்லை. என் வீட்டம்மாவோட நெஞ்சுக்குள்ள இருக்கிற வால்வு.

சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம்னு வந்திருக்கு. சரியா வைத்தியம் பாக்காம விட்டதுல இதய வால்வு கெட்டுப் போச்சு. நாத்து நடும்போது பாதி வயல் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கும். நாலு வருஷத்துக்கு முன்னாடி காப்பீட்டு அட்டையை வெச்சு மதுரையில ஆபரேஷன் நடந்தது. போட்டது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிலையத்துல டாக்டர் வலியத்தான் தலைமையில நம்ம ஆளுங்களே உருவாக்கினது. 1990 டிசம்பர்ல முதல் நோயாளிக்கு வெச்சாங்களாம். எங்களை மாதிரி ஆட்களுக்கு அது பெரிய புண்ணியம்.

ஆனா இந்த வால்வு செயற்கைப் பொருள். அதுல ரத்தம் உறைஞ்சு ஒட்டினா வால்வு சிக்கிக்கும், இல்லைன்னா கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வரும். அதனால ரத்தம் சீக்கிரம் உறையாம இருக்க ஆயுசுக்கும் அசிட்ரோம் மாத்திரை. மாசம் ஒரு தடவை ஐ.என்.ஆர். டெஸ்ட். சாதாரண ஆளுக்கு அது 1 பக்கம் இருக்கும். இவளுக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவுல நிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். குறைஞ்சா உறையும், கூடினா ரத்தம் கசியும். கடைமடைக்காரனுக்கு வாய்க்கால் தண்ணி மாதிரிதான், வரலைன்னாலும் கஷ்டம், உடைச்சுக்கிட்டு வந்தாலும் கஷ்டம்.

மூணு வருஷம் ஒழுங்காத்தான் போச்சு. போன கார்த்திகையில டெஸ்ட் பண்ணா 1.4. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த வாரம் 1.5. இன்னும் கூட்டினார். அசையலை. வயித்துல ஊசி போடச் சொன்னார். "மாத்திரை விட்டுப் போகுதாம்மா?" என்று கேட்டார். "ஒரு நாள்கூட விடலைங்க சார்"னு சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

வெக்கத்தை விட்டுச் சொல்றேன். நான் அவளை நம்பலை. அவ தூங்கின பிறகு டார்ச் லைட் அடிச்சு அட்டையில மாத்திரையை எண்ணினேன். மூணு ராத்திரி எண்ணினேன். கணக்கு சரியா இருந்தது.

அப்பத்தான் டாக்டர், சில பேர் உடம்பு பிறவியிலேயே இந்த மருந்துக்குச் சுலபத்துல மசியாது, ரெண்டு மூணு மடங்கு தேவைப்படும், அதுக்கு 'ரெசிஸ்டன்ஸ்'னு பேருன்னார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். எலி மருந்துக் கடையில கேட்டிருக்கேன். சிரிக்காதீங்க, ரெண்டும் ஒரே குடும்பம்தான். சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்கா, கனடா பக்கம் பூஞ்சணம் பிடிச்ச குளோவர் தீவனம் தின்ன மாடுகள் ரத்தம் நிக்காம செத்துச்சு. 1933ல ஒரு விவசாயி செத்த கிடேரியையும் ஒரு கேன் உறையாத ரத்தத்தையும் கொண்டுபோய் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல லிங்க் என்கிற விஞ்ஞானிகிட்ட காட்டினார். அந்த வழியில வந்ததுதான் வார்ஃபரின். 1948ல எலி மருந்தா வந்து, சில வருஷத்துல மனுசனுக்கும் மருந்தாச்சு. அசிட்ரோம் அதோட தம்பி. பத்து வருஷத்துலயே ஸ்காட்லாந்துல அந்த மருந்துக்குச் சாகாத எலிகளைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்குப் பிறகு வந்ததுதான் நாம வரப்புல வெக்கிற கேக்கு மருந்து.

என் வீட்டம்மாவுக்கும் அப்படித்தான் போலன்னு மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். ஊசி போட வந்த நர்ஸம்மா சாதாரணமாக் கேட்டாங்க, "ஏம்மா, தினம் என்னத்த சாப்புடுற?"

"முழங்கால் வலிக்குன்னு காலையில முருங்கைக்கீரை சூப்பு குடிக்கிறேங்க. மழைக்கு நல்லாத் துளுத்துக் கெடக்கு. இவுகதான் தினம் பறிச்சுக் குடுப்பாக."

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ரத்தம் உறைய வைட்டமின் கே வேணும். மாத்திரை அதைத்தான் மடக்குது. முருங்கைக்கீரை, அரைக்கீரை மாதிரிக் கீரைகள்ல அது நெறைய இருக்கு. மாத்திரை ஒருபக்கம் கதவை அடைக்க, நான் மறுபக்கம் தொறந்து விட்டிருக்கேன். ராத்திரி அவ மாத்திரையை எண்ணினவன், காலையில கீரை பறிச்ச கையை எண்ணலை.

அடுத்து பண்ணினது இன்னும் பெரிய முட்டாள்தனம். டாக்டர்கிட்டச் சொல்லாமலே அன்னைக்கே கீரையை அடியோட நிறுத்திட்டோம். மாத்திரை மட்டும் கூட்டின அளவுலயே ஓடுது. பத்தாம் நாள் பல் விளக்கும்போது ஈறுல ரத்தம். கையில நீலமாத் தழும்பு. முதல் பஸ்ஸைப் பிடிச்சு மாட்டுத்தாவணி இறங்கி ஓடினோம். ஐ.என்.ஆர். 6ஐத் தாண்டியிருந்தது. "கீரையை நிறுத்துன்னு யார் சொன்னா?" என்று டாக்டர் கோவிச்சுக்கிட்டார். ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்தி, பிறகு பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். நல்ல வேளை, எக்கோவுல வால்வு நல்லா அசையுதுன்னு வந்தது.

அவர் சொன்னது இதுதான். கீரை விஷம் இல்லை. சாப்பிடலாம். ஒரே அளவா, ஒரே கணக்கா இருக்கணும். ஒரு மாசம் தினமும், மறு மாசம் ஒண்ணும் இல்லைன்னா மருந்து தடுமாறும். நிஜமான ரெசிஸ்டன்ஸ் உள்ளவங்க ரொம்பக் குறைச்சல். அதுக்கு முன்னாடி மாத்திரை விட்டுப்போச்சா, சாப்பாடு மாறுச்சா, காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை, நாட்டு மருந்துன்னு வேற ஏதாவது சேந்துச்சான்னு பாக்கணும். வலி மாத்திரையைக்கூடக் கேக்காமப் போடக் கூடாது. புதுசா வந்த ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் இரும்பு வால்வுக்காரங்களுக்கு ஆகாது, அதனால இந்தப் பழைய மாத்திரையை விட்டா வழியில்லை.

இப்போ எங்க வீட்டுல புதன், ஞாயிறு மட்டும் கீரை. ஆளுக்கு ஒரு கரண்டி. மழை பெஞ்சு மரம் எவ்வளவு துளுத்தாலும் அதே ஒரு கரண்டிதான். மிச்சம் ஆட்டுக்கு. ஒரு நோட்டுல ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு, புதுசா சாப்பிட்ட எதுவும் எழுதுறோம். எழுதுறது அவ.

டார்ச் லைட் விஷயத்தைப் பொங்கல் கழிச்சுத்தான் அவகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. பெறகு சொன்னா, "எண்ணுறதுன்னா என் முன்னாடி எண்ணுங்க."

இப்போ ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு பேரும் உக்காந்துதான் அட்டையைப் பிரிக்கிறோம். நாளைக்கு டெஸ்ட். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பணும்.