மூச்சுக்கு ஓர் உரு

மதுரை, பொற்றாமரைக் குளத்துப் படி. காலை ஆறரை. ‘நமசிவாய’ சொல்லப் பழகி நாற்பது நாளாகிறது. முதல் வாரம் 108 உருவையும் நாலே நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்துவிடுவேன். மாட்டுத்தாவணியில் பஸ் பிடிக்க ஓடுகிற அவசரம் நாக்குக்கும் வந்திருந்தது. சொல்லிக்கொடுத்த தமிழய்யா கையைப் பிடித்து உட்காரவைத்தார். “மூச்சு விடுறப்ப ஒண்ணு. அடுத்தது அடுத்த மூச்சுக்குத்தான், தம்பி.”

*

கணக்குப் போட்டேன். இழுக்க நாலு விநாடி, விட ஆறு. நிமிடத்துக்கு 6 மூச்சு. 108 உருவுக்கு 18 நிமிடம்.

2001இல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய ஆய்விலும் இதே ஆறுதான். 23 பேர் லத்தீனில் ஜெபமாலை சொன்னார்கள். ‘ஓம் மணி பத்மே’ மந்திரமும் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்துக்கே ஏறக்குறைய பத்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஓர் அலை உண்டு. மூச்சும் அதே தாளத்துக்கு வரும்போது, கழுத்துத் தமனியில் அழுத்தத்தை வேவு பார்த்து இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பு ஏற்பாடு கூர்மையாகிறது. கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில் மாலை உருட்டும் அம்மாக்களை இப்போது நின்று பார்க்கிறேன்.

*

சம்பந்தர் பாண்டியனின் வெப்பு நோயைத் திருநீற்றுப் பதிகம் பாடித் தீர்த்த ஊர் இது. ஆனாலும் பிரெஷர் மாத்திரையை நான் நிறுத்தவில்லை. யாரும் நிறுத்த வேண்டாம். தூக்கம் திரும்பி வந்திருக்கிறது. அதுவே எனக்குப் பெரிது.

*

ரகசிய மந்திரம், அதற்கொரு கட்டணம் என்று யாராவது சொன்னால் திருக்கோஷ்டியூர் கோபுரம் நினைவுக்கு வருகிறது. பதினெட்டு முறை நடந்து பெற்ற எட்டெழுத்தை ராமானுஜர் ஊருக்கே உரக்கச் சொன்னதாக நாம் கேட்டு வளர்ந்த கதை.

*

சொக்கப்ப நாயக்கன் தெரு. 1896 ஜூலையில் 16 வயது வேங்கடராமனை மரண பயம் பிடித்த மாடியறை இங்கேதான். பின்னாளில் ரமணர். 1907 நவம்பரில், வருஷக்கணக்கில் ஜபம் செய்தும் தவம் இன்னதென்று பிடிபடாமல் தவித்த கணபதி முனிவர் திருவண்ணாமலைக் குகையில் அவர் காலைப் பற்றினார். மந்திரம் சொல்லும்போது அந்த ஒலி எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனிக்கச் சொன்னார் ரமணர்.

நானும் கவனிக்கிறேன். முதலில் தொண்டை என்று தோன்றும். பிறகு நெஞ்சு. இன்னும் கீழே தேடிப் போகிற நேரத்தில், நாளைக்குக் கட்ட வேண்டிய வட்டி ஞாபகத்தில் இருப்பதில்லை.

*

அப்பத்தா மாலை உருட்டி நான் பார்த்ததில்லை. மேலூர்ப் பக்கத்து வயலில் களையெடுத்து நிமிரும்போதெல்லாம் “முருகா” என்பாள். அந்தக் கடைசி ‘கா’ வரப்பைத் தாண்டிப் போகும்.