நடாத இடத்தையும் எண்ண வேண்டும்

மரம் நடும் விழாவுக்கு யாராவது கூப்பிட்டால் எனக்குள் சின்னதாக ஓர் எரிச்சல் கிளம்பும். வெளியே சொல்லக் கூச்சம். மரம் நடுவதைக் குறை சொல்பவனை ஊரில் யார் மதிப்பார்கள்? ஆனால் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் தொண்டு அமைப்புகள் நட்ட கன்றுகளைக் கோடை முடிந்ததும் போய் எண்ணுகிறவனுக்கு அந்த எரிச்சல் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

விழாக்கள் பெரும்பாலும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தில் நடக்கும். எங்கள் சமவெளிக்குப் பெருமழை வருவதோ ஐப்பசி, கார்த்திகையில்தான். நடுவில் ஆடிக் காற்று இருக்கிறது. வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்துச் சரளை மண்ணில், பாலித்தீன் பையைக் கிழித்து வைத்த கன்றை அந்தக் காற்றே காயப்போட்டுவிடும். தப்பியதை ஆடு கடிக்கும்.

அதனால் ‘எத்தனை நட்டோம்’ என்ற எண் என்னை அசைப்பதில்லை. 2022 டிசம்பரில் ஒட்டன்சத்திரம் அருகே இடையகோட்டையில் ஒரே நாளில், சில மணி நேரத்தில் 6 லட்சம் கன்றுகளை நட்டார்கள். உலக சாதனை என்று செய்தி வந்தது. நிலம் சுமார் 117 ஏக்கர். வகுத்துப் பார்த்தால் ஒரு கன்றுக்கு எட்டரை சதுர அடி. அடர்வன முறையில் இப்படி நெருக்கித்தான் நடுவார்கள். போட்டியில் கணிசமானவை மடிவது அந்த முறைக்குள்ளேயே அடக்கம். 6 லட்சம் என்பது முதல் நாள் கணக்கு. பத்து வருஷம் கழித்து நிற்கும் மரங்களின் கணக்கு வேறு.

பிழைத்ததை எண்ணுவதே நேர்மை என்பது என் கட்சி. கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-ல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கமும் பெண்களுக்குப் பிழைத்த கன்றைக் கணக்கிட்டே காசு கொடுத்தது. அந்தக் கட்சியில் நான் கொஞ்சம் கர்வத்தோடுதான் இருந்தேன்.

வடமதுரைப் பக்கம் ஒரு மேய்ச்சல் புறம்போக்கு. சுற்றிலும் முள்வேலி போட்டுப் பாதி இடத்தில் மட்டும் கன்று வைத்திருந்தார்கள். மீதிப் பாதிக்குக் கன்று போதவில்லை. நான் நோட்டும் கையுமாகக் குழி குழியாகப் பார்த்துக்கொண்டு போனேன். வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: “என்னா தம்பி, நட்டத மட்டும் எண்ணுற? அந்தப் பக்கம் நிக்கிறதெல்லாம் மரமில்லையா?”

போய்ப் பார்த்தேன். பறவை எச்சத்தில் முளைத்த வேம்பு, பழைய தூரிலிருந்து தழைத்த வெள்வேல், இடையிடையே உசிலை. யாரும் தண்ணீர் ஊற்றாதவை. நட்ட பாதியைவிட நடாத பாதி செழிப்பாக இருந்தது. வேலிக்கு வெளியே அதே மண். ஆடு கரும்பிய மொட்டைத் தூர்கள்தான் மிச்சம்.

அந்த நிமிஷம் எனக்குள் ஓடியது சந்தோஷம் இல்லை, பயம். கன்றுக்குப் பணம் கொடுத்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? நட்ட பாதியை மட்டும் எழுதினால்கூடக் கணக்கில் பொய் இருக்காது. என்னை யாரும் கேட்கப் போவதில்லை. அப்படிச் செய்துவிடலாமா என்று யோசித்ததை மறைக்க மாட்டேன். கடைசியில் மூன்றையும் எழுதினேன்: வேலிக்குள் நட்டது, வேலிக்குள் நடாதது, வேலிக்கு வெளியே இருப்பது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் வேலியும், அதற்குள் ஆட்டை விடுவதில்லை என்று ஊர் கட்டிக் காத்த பேச்சும்தான் என்று தெரிந்தது. பிழைத்த கன்றை எத்தனை முறை எண்ணியிருந்தாலும் எனக்கு இது தெரிந்திருக்காது.

நைஜர் நாட்டு மராடி வட்டாரத்தில் 1983 வாக்கில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் கண்டுகொண்டதும் இதுதான். நட்ட கன்றுகள் செத்துக்கொண்டிருக்க, வயலில் புதர் என்று வெட்டித் தள்ளிய தூர்களுக்குள் காடு உயிரோடு இருந்தது. அந்தத் துளிர்களை விவசாயிகள் கவாத்து செய்து காத்தார்கள்; இருபது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது. மாறாக, இமாச்சலத்தின் காங்ரா மாவட்டத்தில் பல பத்தாண்டு நடவை ஆராய்ந்து 2021-ல் வெளியான ஆய்வு, அதனால் காட்டின் அடர்த்தி கூடியதாகத் தெரியவில்லை என்றது. விறகுக்கும் தழைக்கும் மக்கள் நாடும் அகன்ற இலை மரங்களின் பங்குதான் குறைந்திருந்தது.

இப்போது மரம் நடும் திட்டத்தோடு யாராவது வந்தால் ஒன்று கேட்கிறேன்: வேலிக்குள் ஒரு துண்டை நடாமல் விடுவீர்களா? பலருக்கு முகம் மாறிவிடும். சும்மா விட்ட இடத்தில் போட்டோ எடுக்க முடியாதல்லவா. சம்மதிப்பவர்களிடம் இரண்டாவது சித்திரையில் திரும்பி வந்து மூன்று துண்டையும் எண்ணச் சொல்கிறேன். நடாத துண்டு ஜெயித்திருந்தால், அடுத்த வருஷக் கன்றுக் காசை வேலிக்கும் காவலாளுக்கும் மாற்றலாம். நட்ட துண்டு ஜெயித்திருந்தால் தாராளமாக நடட்டும். அன்றைக்கு விழாவுக்கு நானும் எரிச்சலில்லாமல் வருவேன்.