மீன் தொட்டியும் மின்சார பில்லும்

மிக்ஸி போடும்போது "சீக்கிரம் அரைச்சு முடி, கரண்ட் ஏறுது" என்று சொல்லாத வீடு உண்டா? சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிற சாமானைப் பார்த்தால்தான் நமக்குக் கரண்ட் ஞாபகம் வருகிறது. 500 வாட் மிக்ஸி தினம் பத்து நிமிஷம் ஓடினால் இரண்டு மாதத்தில் 5 யூனிட்தான் ஆகும். மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கிற சின்ன பம்ப், உள்ளங்கையில் அடங்குகிற சாமான், வெறும் 5 வாட். ஆனால் அது இரவு பகலாக ஓடுவதால் இரண்டு மாதத்தில் 7 யூனிட்டுக்கு மேல் வாங்கிவிடுகிறது. மிக்ஸியை விட அதிகம்! இந்தக் கணக்கை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டில் ஒரு நெருக்கடி வந்தபோது பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து போட்ட கணக்கு.

நாங்கள் தாம்பரத்தில் இருபது வருஷமாக இருக்கிறோம். மாமனார் காலமானபின் அத்தை பேச்சையே குறைத்துக்கொண்டு விட்டார்கள். டி.வி. போட்டாலும் பார்ப்பதில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் "முட்டி வலி, நீ போய்ட்டு வா" என்பார்கள். அப்போதுதான் என் பெரியவன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து ஒரு சின்னத் தொட்டியும் ஆறு கப்பியும் வாங்கி வந்தான். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தார்கள். கப்பி குட்டி போட்ட அன்று, பல மாதங்களுக்குப் பிறகு, தானாகவே என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இங்க வந்து பாரேன்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்து மூன்றடித் தொட்டியும் வந்தது. மோலி, பிளாட்டி, ஏஞ்சல் எல்லாம் வந்தன.

மீன் வேடிக்கை பார்ப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1909லேயே மெரினா கடற்கரையில் மீன் காட்சிச்சாலை திறந்த ஊர் இது. வடசென்னையில் கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் வளர்ப்பதே எத்தனையோ குடும்பங்களுக்குப் பிழைப்பு.

2022ஆம் வருஷம் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பிறகு ஒரு கடையில் கணக்கு எழுதப் போனார். சம்பளம் பழையதில் பாதி. பையன் காலேஜ், பெண் பத்தாவது. இந்த நிலைமையில் 2023 பிப்ரவரியில், மார்கழி, தை மாதங்களுக்கான கரண்ட் பில் வந்தது. 540 யூனிட், 2,270 ரூபாய். குளிர்காலத்தில் ஏ.ஸி.யே போடுவதில்லை. ஃபேன் கூட ஒன்றில் ஓடுகிறது. பிறகு எப்படி இவ்வளவு?

அவர் கருமி இல்லை. ஆனாலும் அன்று போனில் வந்த எஸ்.எம்.எஸ்.ஸைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "எல்லாம் அந்த மீன் தொட்டிதான். யாருக்காவது கொடுத்துடலாம். இப்ப நமக்கு இது கட்டுப்படி ஆகாது" என்றார்.

அத்தை உள்ளே படுத்திருந்தார்கள். தூங்குகிறார்கள் என்று நினைத்தோம். மறுநாள் காலை நாற்காலி சுவர் ஓரமாகத் தள்ளிப் போட்டிருந்தது. மீனுக்குத் தீனி போடும் நேரத்தில் பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். "தீனி போடலையா அத்தை?" என்றேன். "பழகிட்டா பிரிய முடியாதும்மா" என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு மனசு கேட்கவில்லை. கொடுப்பதானாலும் கணக்குப் பார்த்துக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

நம் வீட்டு மீட்டரைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே எழுதியிருக்கும். எங்கள் மீட்டரில் 3,200. ஒரு மத்தியானம் ஃபிரிட்ஜ் உள்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீன் தொட்டி சாமான்களை மட்டும் ஓட விட்டு, ஆறு நிமிஷம் சிமிட்டலை எண்ணினேன். 59 வந்தது. பையன் தொட்டியின் ஹீட்டரை மட்டும் பிடுங்கினான். மறுபடி ஆறு நிமிஷம். 27! ஆக ஹீட்டர் ஒன்றே 32 சிமிட்டல், அதாவது ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்கு. ஆறு நிமிஷத்துக்கு அவ்வளவு என்றால், பத்து மணி நேரம் ஓடினால் ஒரு முழு யூனிட். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து இரண்டு மாதத்துக்கு, அதாவது அறுபது நாளுக்கு, கணக்குப் போட்டேன்.

100 வாட் ஹீட்டர், தினம் சராசரியாகப் பத்து மணி நேரம்: 60 யூனிட்.

பெரிய தொட்டியின் பவர் ஃபில்டர், 25 வாட், நாள் முழுக்க: 36 யூனிட்.

பழைய டியூப் லைட், சோக்கோடு சேர்த்து 50 வாட், காலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை: 51 யூனிட்.

காற்று பம்ப் இரண்டு, ஐந்தைந்து வாட்: 14 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

மொத்தம் சுமார் 161 யூனிட். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பணக் கணக்கைப் பார்த்தபோதுதான் முழு விஷயமும் புரிந்தது.

2022 செப்டம்பரில் மாறிய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறுக்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். ஆனால் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த இரண்டே கால் ரூபாய்ச் சலுகை போய்விடும். 101லிருந்தே நாலரை ரூபாய் ஆகிவிடும். 500க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 ரூபாய், இன்னும் மேலே போனால் 9, 10, 11 என்று ஏறும். சரியாக 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 510 யூனிட் என்றால் 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! எங்கள் வீட்டில் மீன் தொட்டி இல்லாமல் 380 யூனிட் என்று வைத்தால் பில் 1,035தான். ஆக மீன்களுக்காகக் கட்டியது 1,235 ரூபாய். 2024 ஜூலையில் யூனிட் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது. ஆகவே உங்கள் கணக்கை, உங்கள் கடைசி பில்லில் இருக்கும் விலையை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, எதை எடுத்தால் மீனுக்குக் கெடுதல் இல்லை என்று யோசித்தோம்.

முதலில் ஹீட்டர். "ஏஞ்சல் குளிர் தாங்காது" என்று சொல்லித்தான் கடைக்காரர் பையன் தலையில் கட்டியிருந்தார். நம் சென்னையில் மார்கழிக் குளிரில்கூட வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் 24, 25 டிகிரிக்குக் கீழே சாதாரணமாக இறங்குவதில்லை. கப்பி, மோலி, ஏஞ்சலுக்கு அது போதும். ஹீட்டரைக் கழற்றிப் பரணில் போட்டோம்.

அடுத்து லைட். மீனுக்கு இரவு தேவை. பதினேழு மணி நேர வெளிச்சத்தில் கண்ணாடியில் பாசிதான் மண்டும். டியூபை எடுத்துவிட்டு 10 வாட் எல்.இ.டி. போட்டோம். எட்டு மணி நேரம், 5 யூனிட்டுக்குள் அடங்கிவிட்டது.

பவர் ஃபில்டருக்குப் பதில், காற்று பம்பிலேயே ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர். இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். மீன் கழிவைச் சுத்தமாக்குவது இயந்திரம் அல்ல, ஸ்பாஞ்சில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவை நல்ல கிருமிகள். புது ஸ்பாஞ்சில் அவை பெருகவேண்டும். அதனால் ஒரு மாதம் இரண்டு ஃபில்டரையும் சேர்த்து ஓட விட்டு, பிறகே பழையதை எடுத்தோம். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கசக்காமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசவேண்டும். மீன்களிலும் பாதியைப் பையனின் சிநேகிதர்களுக்குக் கொடுத்துவிட்டோம். கூட்டம் குறைந்தால் சின்ன ஃபில்டரே தாராளம்.

புதுக் கணக்குப்படி இரண்டு தொட்டிக்கும் சேர்த்து 20 யூனிட்டுக்குள். பணமாகப் பார்த்தால் இரண்டு மாதத்துக்குத் தொண்ணூறு ரூபாய்.

பேப்பரை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். கணக்கு எழுதுகிறவர் அல்லவா! பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், சுவரோரம் இருந்த நாற்காலியைத் தொட்டி எதிரில் கொண்டுவந்து போட்டார். "அம்மா, மீனுக்குத் தீனி போட நேரமாச்சு பாருங்க" என்றார். அத்தை வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள்.

அடுத்த மார்கழி, தை பில் 396 யூனிட், 1,107 ரூபாய். கணக்குப் பொய்க்கவில்லை.

சிக்கனம் என்று சொல்லி சிலர் இரவில் ஃபில்டரையும் பம்பையும் அணைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். ஃபில்டரில் காற்றோட்டம் நின்றால் அந்த நல்ல கிருமிகள் செத்துப்போகும்; தண்ணீர் கெடும். ஃபைட்டர் மட்டும் விதிவிலக்கு. அது மேலே வந்து நேராகக் காற்றை உறிஞ்சும்; அதற்குக் காற்று பம்ப் வேண்டியதில்லை. செலவே கூடாது என்பவர்கள் ஃபைட்டர் ஒன்று வளர்க்கலாம். தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்றவேண்டும்.

கரண்டும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடம், குழந்தைகள் இருக்கும் வீடு. தொட்டியில் கை விடுமுன் எல்லா சுவிட்சையும் அணையுங்கள். வயர் தொட்டியிலிருந்து கீழே தொங்கி, பிறகு மேலேறி பிளக்குக்குப் போகட்டும். வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டிவிடும். காற்று பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போன நேரத்தில் குழாய் வழியே தண்ணீர் பம்புக்குள் இறங்கும்.

கரண்ட் போவதைப் பற்றி நம் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லவேண்டுமா! 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் எல்லாம் பார்த்தவர்கள் நாம். மிக்ஜாமின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் தெருவில் இரண்டரை நாள் கரண்ட் இல்லை. நுரை நின்ற தொட்டியைப் பார்த்து அத்தை பதறினார்கள். தம்ளரில் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றச் சொன்னேன். தண்ணீரின் மேல்பரப்பு கலங்கினால் காற்று கரையும். மணிக்கொரு தடவை, பேரனும் பாட்டியும் முறை வைத்து ஊற்றினார்கள். தீனி போடவே இல்லை; இரண்டு மூன்று நாள் பட்டினியை மீன் தாங்கும், தீனி அழுகினால்தான் ஆபத்து. ஒரு மீன்கூடச் சாகவில்லை. பாதி மீன்களைக் குறைத்திருந்ததும் கைகொடுத்தது.

கடைசியாக ஒன்று. செலவு தாங்காமல் மீனைக் கைவிட நினைப்பவர்கள் செலையூர் ஏரியிலோ, பீர்க்கன்காரணை ஏரியிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் சக்கர் மீன் இப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைக்கோ, வளர்க்கத் தெரிந்தவருக்கோ கொடுங்கள்.

பில் கூடினால் வீட்டில் முதலில் கை வைப்பது வயதானவர்களின், குழந்தைகளின் சின்னச் சந்தோஷத்தில்தான். அதை நிறுத்துமுன் ஆறு நிமிஷம் மீட்டர் முன்னால் நின்று எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்தச் சிவப்பு விளக்கே சொல்லிவிடும்.