கேட்டுச் சமைத்த விருந்து

விருந்தோம்பல் நம் குலப்பண்பு என்று மேடைதோறும் பேசுகின்றோம். திருவள்ளுவரும் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆயினும், விருந்தினரின் தட்டு நிறையப் பரிமாறிவிட்டு, அதில் அவர் உண்ணத்தக்கது எது என்று கேளாமல் விட்டுவிடும் பிழையை நான் ஒருமுறை செய்தேன். அப்பிழையையும் அதனைத் திருத்திக்கொண்ட விதத்தையும், எனக்கு எழுத்தறிவித்த இப்பள்ளியின் ஆண்டு மலரில் எழுதுவது பொருத்தமென எண்ணுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் பட்டம் பெற்றாள். அம்மகிழ்ச்சியைக் கொண்டாட மெக்சிகோ நாட்டு உணவு வேண்டுமென்று விரும்பினாள். கடையில் வாங்கிய தோர்த்தியா எனும் மெல்லிய கோதுமை ரொட்டி, வெங்காயமும் பூண்டும் வதக்கிச் சேர்த்த அவரை விதை மசியல், கோழிச்சாற்றில் வேகவைத்த சோறு, பாலாடைக்கட்டி தூவிய கோழிக்கறி ஆகியவற்றை மேசை நிறைய வைத்தேன். வந்தவர் யாவரும் புகழ்ந்தனர். ஒருவர் மட்டும் வெள்ளரித் துண்டுகளையும் பப்பாளிப் பழத்தையும் தட்டில் வைத்துக்கொண்டு, "எனக்குப் பசியில்லை, அம்மா" என்று புன்னகைத்தார். அவர்தாம் எங்கள் சீன அத்தை.

அவர் எங்கள் தோட்டத்தில் என் தாயாருக்கு அடுத்த நிரையில் பால்மரம் வெட்டியவர். நான் மூன்றாம் வகுப்பில் பயின்றபோது தாயார் நோயுற்று இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தார். அந்நாள்களில் எனக்குச் சோறிட்டவர் அவரே. முதல்நாள் அடுப்பு மூட்டுமுன், "இன்று உங்கள் வீட்டில் எதைச் சாப்பிடமாட்டீர்கள்?" என்று மலாய் மொழியில் என்னைக் கேட்டார். "வெள்ளிக்கிழமை, கறி, மீன் ஆகாது" என்றேன். உடனே சட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சோறும் பயற்றங்காய்ப் பொரியலும் ஆக்கித் தந்தார். கேட்டவர் பெரியவர், கேட்கப்பட்ட நானோ சிறுமி.

அறுபதாம் வயதில் அவர் புத்த சமய நோன்பேற்றுப் புலால் துறந்தார். வெங்காயம், பூண்டு வகைகளையும் விலக்கினார். இதனை நான் அறிவேன். ஆனால், அடுப்பின்முன் நின்றபோது அறிந்ததை நினைக்கவில்லை. அன்றிரவு பாத்திரங்களைக் கழுவுகையில், அவர் தட்டு கறைபடாமல் இருந்ததைக் கண்டேன். அக்காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

கழுவாய் தேடும் வாய்ப்பு கடந்த ஆண்டு கிட்டியது. என் மகளுடன் கோலாலம்பூரில் பணிபுரியும் மெக்சிகோ நாட்டுப் பெண்ணொருத்தியை விருந்துக்கு அழைத்தோம். வாஹாக்கா மாநிலத்தைச் சேர்ந்த அவள், இரண்டாண்டுகளாகத் தாய்நாட்டிற்குச் செல்லவில்லை. அவள் ஊர் உணவையே ஆக்குவதென முடிவு செய்தோம். இம்முறை சமையலுக்கு ஒரு வாரம் முன்னரே பள்ளிக் குறிப்பேடு ஒன்றை எடுத்துக் கோடு கிழித்து, விருந்தினர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு எழுதினேன்.

சீன அத்தைக்குப் புலால், வெங்காயம், பூண்டு ஆகா. அண்டை வீட்டு மாக் சிக்குக்கு உணவு ஹலாலாக இருத்தல் வேண்டும். அத்தானுக்கு மாட்டிறைச்சி ஆகாது. நீரிழிவு இருப்பதால் மாவுப்பண்டமும் இனிப்பும் அளவோடு வேண்டும். தங்கை மகனுக்கு நிலக்கடலை சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும்.

ஏட்டைப் பார்த்து மலைத்தேன். ஐவருக்கு ஐந்து சமையலா? அவ்வாறு செய்தால் ஒரே மேசையில் அமர்ந்தும் அவரவர் தனித்தனியே உண்பது போலாகாதா? என் கவலையைக் கேட்ட அப்பெண் நகைத்துவிட்டு, தன் பாட்டியின் வயலைப் பற்றிச் சொன்னாள்.

அவ்வயலின் பெயர் மில்பா. அதில் மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றும் ஒன்றாக வளரும். சோளத்தண்டு அவரைக்குக் கொழுகொம்பாகும். அவரையின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து ஊட்டும். பூசணியின் அகன்ற இலை களையை அடக்கி ஈரத்தைக் காக்கும். இளம் ரப்பர்க் கன்றுகளிடையே அவரையினக் கொடியைப் படரவிடும் முறையறிந்த நம் தோட்ட மக்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பின்னர் அவள் கூறிய செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. 1521ஆம் ஆண்டில் ஸ்பானியர் அஸ்தெக்கு மக்களின் தலைநகரைக் கைப்பற்றினர். பன்றி, மாடு, கோழி, கோதுமை, கரும்பு, நாம் சமைக்கும் வெங்காயம், பூண்டு ஆகியவை அவர்களுடைய வருகையோடுதான் அந்நாட்டில் பரவின. அதற்கு முன்னும் வான்கோழி, மீன், வேட்டை இறைச்சி ஆகியவற்றை அம்மக்கள் உண்டனர். ஆயினும் சோளம், அவரை, பூசணி, தக்காளி, மிளகாய், அவகாடோ ஆகியவையே அவர்தம் உணவின் அடித்தளம். நம் குழம்புக்கு உறைப்பூட்டும் மிளகாயும் அங்கே முதலில் பயிராக்கப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவை அடைந்ததே.

என் ஏட்டை மீண்டும் நோக்கினேன். விருந்தினர் விலக்கியவற்றுள் பெரும்பாலானவை கப்பலேறிச் சென்றவை. நிலக்கடலை மட்டும் அமெரிக்க மண்ணுக்கு உரியது. ஆதலின் அடித்தளத்தை எல்லாருக்கும் பொதுவாக்கி, மற்றவற்றைத் தனிக்கிண்ணங்களில் வைப்பதென முடிவு செய்தேன்.

தோர்த்தியாவுக்குச் சாதாரணச் சோளமாவு உதவாது, பிசைந்தால் உதிர்ந்துவிடும். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோல் நீக்கி அரைக்கவேண்டும். அவ்வாறு பதப்படுத்திய மாசா மாவைக் கடையில் வாங்கினோம். அச்சுண்ணாம்பு மாவுக்குப் பிசுபிசுப்பைத் தருவதோடு, சோளத்தில் அடங்கிக் கிடக்கும் நியாசின் எனும் உயிர்ச்சத்தையும் உடலில் சேரச் செய்கின்றது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுசென்றனர். இம்முறையைக் கற்றுச் செல்லவில்லை. அதனால் சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலி நாட்டு ஏழைகள் பலர் பெல்லாக்ரா என்னும் நோய்க்கு ஆளாயினர். பொருளைப் பெற்றவர், அதனை உண்ணும் முறையையும் கேட்டறியவேண்டும் அல்லவா?

விருந்து நாளன்று நானும் அப்பெண்ணும் மாவைச் சிறு உருண்டைகளாக்கி, நெகிழித் தாள்களுக்கிடையே வைத்துத் தட்டால் அழுத்தி, தோசைக்கல்லில் சுட்டோம். அவரை விதையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது அவள் ஊர் வழக்கம். நாங்கள் செம்பனை எண்ணெயில் வதக்கினோம். தக்காளியையும் மிளகாயையும் சுட்டு, உரலில் இடித்துத் துவையலாக்கினோம். அவள் பெரிதும் விரும்பும் மோலே என்னும் குழம்பில் நிலக்கடலை சேர்வது வழக்கமாதலால், அதனை விடுத்துப் பூசணி விதையை அரைத்துக் குழம்பு வைத்தாள். விதைப் பொட்டலத்தில் நிலக்கடலை கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை உண்டா என்று இருமுறை படித்துப் பார்த்தோம். ஹலால் கடையில் வாங்கிய கோழி, புதிய சட்டியில் தனியே வெந்தது. நறுக்கிய வெங்காயம் எட்டத்தில் ஒரு கிண்ணத்தில் இருந்தது. ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனிக் கரண்டி வைத்தோம்.

மாலையில் அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். அவரவர் தம் தோர்த்தியாவில் தமக்கு ஏற்றதை வைத்து மடித்து உண்டனர். அத்தான் இரண்டோடு நிறுத்தி, அவரையையும் கீரையையும் மிகுதியாக எடுத்துக்கொண்டார். மாக் சிக் குழம்பின் செய்முறையைக் கேட்டறிந்தார். தங்கை மகன் அச்சமின்றி உண்டான். மெக்சிகோ நாட்டுப் பெண் முதல் வாய் உண்டதும் சற்றுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், "பாட்டி வீட்டு மணம்" என்றாள்.

நான் சீன அத்தையின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூசணி விதைக் குழம்பு ஊற்றி மூன்று தோர்த்தியா உண்டார். விரலில் ஒட்டியிருந்த குழம்பைத் துடைத்துக்கொண்டே என் காதருகில் குனிந்து, "விருந்துக்குப் போனால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது என் வழக்கம், அம்மா. இன்றும் அப்படித்தான் வந்தேன். அடுத்தமுறை வெறும் வயிற்றோடு வருவேன்" என்றார்.

எத்தனை ஆண்டுகளாக, எத்தனை வீட்டு விருந்துகளுக்கு அவர் முன்கூட்டியே உண்டுவிட்டுச் சென்றிருப்பார்! அவற்றுள் என் வீடும் ஒன்று என்பதை எண்ணியபோது கண்கள் கலங்கின.

மாணவச் செல்வங்களே! உங்கள் வகுப்பில் விருந்து வைக்குமுன், "உனக்கு எது ஆகாது?" என்று தோழரை ஒரு சொல் கேளுங்கள். அக்கேள்விக்குக் காசு செலவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்தும் அதனை மறவாத நெஞ்சம் ஒன்று இருக்கும். அதற்கு நானே சான்று.